வேதபாடம்: அடையாளமும் முத்திரையும்



எங்கள் மருத்துவமனைப் பணியை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கிவரும் உங்களோடு இந்த இதழில் ஒரு வேதபாடத்தைப் பகிர்ந்துகொள்கிறோம். ஒரு தாயார் எங்களிடம் கேட்ட கேள்வியிலிருந்து இந்தப் பாடம் பிறந்தது.

சில வருஷங்களுக்கு முன் மூளைக்காய்ச்சலோடு ஒன்பது வயதுப் பையன் ஒருவனை எங்களிடம் கொண்டுவந்தார்கள். டாக்டர்களும் நர்ஸ்மாரும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். இரண்டாம் நாள் இரவு அவனுடைய தாயார் வார்டு வராந்தாவிலிருந்து எழுந்து, விளக்கு எரிந்துகொண்டிருந்த எங்கள் சிற்றாலயத்துக்கு வந்தார். அங்கே இருந்த மருத்துவமனைப் போதகரிடம், சுவரில் இருந்த மரச்சிலுவையைக் காட்டி, "ஐயா, அதை ஒரு ராத்திரிக்கு மட்டும் குடுங்க. புள்ளையோட தலைமாட்டுல வச்சிட்டு காலையில கொண்டாந்து குடுத்துடறேன்" என்றார். போதகர் சிலுவையைக் கழற்றிக் கொடுக்கவில்லை. சிலுவையைத் தாயத்தாக நினைக்கக் கூடாது என்று தாழ்மையாய் எடுத்துச் சொல்லி, அங்கேயே அவரோடு முழங்காலில் நின்று ஜெபித்தார். நான்காம் நாள் விடியற்காலையில் பையன் இறந்துபோனான்.

ஒரு மாதம் கழித்து, ஏதோ சான்றிதழ் வாங்க அந்தத் தாயார் மறுபடியும் வந்தார். போதகரைத் தேடிவந்து, "ஐயா, அன்னைக்கு அந்தச் சிலுவையைக் குடுத்திருந்தா எம்புள்ள பொழச்சிருப்பானா?" என்று கேட்டார். "இல்லை அம்மா" என்றார் போதகர். "அப்படின்னா அது அங்க எதுக்கு இருக்கு?" என்றார் அந்தத் தாயார்.

அன்பானவர்களே, இந்தக் கேள்வியை நாம் லேசாகத் தள்ளிவிட முடியாது. நம் ஆலயங்களில் உள்ள சிலுவையும், மேஜையும், தண்ணீரும், அப்பமும் எதற்காக இருக்கின்றன? எங்கள் சிற்றாலயத்தைக் கட்டியவர்கள் பிரஸ்பிடேரியன் மரபைச் சேர்ந்த மிஷனெரிகள். அடையாளங்களைப் பற்றி மிகுந்த கவனத்தோடு சிந்தித்த மரபு அது. அவர்கள் விட்டுப்போன ஆலயத்திலேயே இதற்குப் பதிலைத் தேடுவோம்.

1. ஏன் இவ்வளவு குறைவான அடையாளங்கள்?

பிரஸ்பிடேரியன் என்னும் பெயர், மூப்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மூப்பர்களைக் கொண்டு சபையை நடத்தும் இந்த முறை, ஜெனீவாவில் ஜான் கால்வின் போதித்த போதனையில் வேரூன்றி, ஜான் நாக்ஸ் முதலானோரால் 1560ல் ஸ்காட்லாந்தில் நிலைபெற்றது.

அந்நாட்டுப் பழைய ஆலயங்களுக்குள் நுழைந்தவர்கள் வெறும் சுவர்களையே கண்டார்கள். சொரூபங்கள் இல்லை, படங்கள் இல்லை. நீண்ட காலம் பல ஆலயங்களில் சிலுவைகூட வைக்கப்படவில்லை. எங்கள் சிற்றாலயத்தைக் கட்டியவர்களும் சிலுவை வைக்கவில்லை. இப்போதுள்ள மரச்சிலுவை பிற்காலத்தில் வைக்கப்பட்டது. அதிலும் ஆண்டவரின் உருவம் இல்லை. அவர் மரித்தார், ஆனால் இன்று சிலுவையிலும் இல்லை, கல்லறையிலும் இல்லை என்பதை அந்த வெறுஞ்சிலுவை நமக்குச் சொல்லுகிறது.

இந்த எளிமைக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. அது வேதம் கற்பித்த பயம். வனாந்தரத்தில் கர்த்தருடைய கட்டளையின்படியே மோசே வெண்கலச் சர்ப்பத்தை உயர்த்தினான் (எண்ணாகமம் 21). அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் பல தலைமுறைகளுக்குப் பின் ஜனங்கள் அதே சர்ப்பத்துக்குத் தூபங்காட்டியபோது, எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). தேவன் கொடுத்த அடையாளமே தேவனுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டபடியால் அது உடைபட்டது. ஏலியின் நாட்களில் இஸ்ரவேலர் உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்குத் தூக்கிப்போனதையும் நினைத்துப் பாருங்கள் (1 சாமுவேல் 4). பெட்டி இருந்தால் ஜெயம் நிச்சயம் என்று நினைத்தார்கள். அன்று 30,000 பேர் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது.

இந்தப் பயம் சில வேளைகளில் எல்லை மீறியதையும் நாம் மறைக்கக் கூடாது. 1559ல் பெர்த் நகரில் நாக்ஸின் பிரசங்கத்துக்குப் பின் எழுந்த கூட்டம் ஆலயத்தின் சொரூபங்களை நொறுக்கியது. அழகான கைவேலைகள் பல அந்நாட்களில் அழிந்தன. விக்கிரகத்தை வெறுத்தவர்கள் சில சமயம் அழகையும் வெறுத்துவிட்டார்கள்.

2. வெற்றுத்தாளில் முத்திரை

அப்படியானால் அடையாளங்களே வேண்டாம் என்றார்களா? இல்லை. 1646ல் எழுதி முடிக்கப்பட்டு, மறு வருஷம் ஸ்காட்லாந்து சபை ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, சாக்கிரமெந்துகள் கிருபையின் உடன்படிக்கைக்கு அடையாளங்களும் முத்திரைகளுமாய் இருக்கின்றன என்று போதிக்கிறது. ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய இரண்டை மட்டுமே சாக்கிரமெந்துகளாக அது ஏற்கிறது. "அடையாளம்", "முத்திரை" என்ற இரண்டு சொற்களும் ரோமர் 4:11ல் ஆபிரகாமைக் குறித்து அப்போஸ்தலன் எழுதும் இடத்தில் சேர்ந்து வருகின்றன.

இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அடையாளம் ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறது. முத்திரையோ, கொடுக்கப்பட்ட வாக்கை உறுதிப்படுத்துகிறது. நிலம் வாங்கும்போது பத்திரம் எழுதிப் பதிவு அலுவலகத்தில் முத்திரை இடுகிறார்கள். அந்த முத்திரை நிலம் ஆகாது. அதில் ஒரு பிடி நெல்லும் விளையாது. ஆனாலும் அதை ஒருவரும் அற்பமாய் எண்ணுவதில்லை. பத்திரத்தில் எழுதியது உறுதி என்று அது சாட்சி சொல்லுகிறது.

எழுத்தே இல்லாத வெற்றுத்தாளில் முத்திரை குத்தினால் என்ன பயன்? இந்த உவமையைக் கால்வினே எடுத்துக்காட்டியிருக்கிறார். எழுதப்பட்ட வாக்கு இருந்தால்தான் முத்திரைக்கு மதிப்பு. ஆகையால் தேவனுடைய வாக்குத்தத்தத்தை விட்டுப் பிரிந்த அடையாளம் ஒன்றையும் உறுதிப்படுத்தாது. தாயத்துக்கும் திருவிருந்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. தாயத்தைக் கட்டுகிறவர் அந்தப் பொருளையே நம்புகிறார். அப்பத்தை வாங்குகிறவர் வாக்குக் கொடுத்தவரை நம்புகிறார்.

3. திறந்த வேதாகமம்

வாக்கு முதலில், முத்திரை பிறகு என்பதை ஸ்காட்லாந்து ஆலயங்களில் கண்ணால் காணலாம். ஆராதனை தொடங்கும்போது ஆலயப் பணியாளர் பெரிய வேதாகமத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு உள்ளே வருவார். சபையார் எழுந்து நிற்பார்கள். அவர் அதைப் பிரசங்கபீடத்தில் வைத்துத் திறப்பார். அதற்குப் பின்பே போதகர் பீடமேறுவார். போதகருக்கு முன்னே வார்த்தை வருகிறது. சபை எழுந்து நிற்பது அந்த வார்த்தைக்காகவே.

ஞானஸ்நானத் தண்ணீரும் சபையார் எல்லாருக்கும் முன்பாகவே வைக்கப்படுகிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அந்தக் குழந்தை ஒன்றும் செய்வதில்லை, ஒன்றும் புரிந்துகொள்வதுமில்லை. நாம் தேவனைத் தேடுமுன்னே அவர் நம்மைத் தேடி வாக்குக் கொடுத்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான முத்திரை வேறு எது?

4. மேஜையும் ஈய வில்லையும்

சீர்திருத்தத்துக்குப் பின் ஸ்காட்லாந்து சபையார் திருவிருந்தைப் பலிபீடத்தண்டை முழங்காலில் நின்று வாங்கவில்லை. ஆலயத்துக்குள் நீண்ட மேஜைகளைப் போட்டு, அவற்றைச் சுற்றி உட்கார்ந்து, அப்பத்தையும் பாத்திரத்தையும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கினார்கள். எஜமான் வீட்டுப் பந்தியில் பிள்ளைகளாய் அமர்ந்தார்கள். மேஜையில் விரித்த வெள்ளைத் துணிக்கு முன்பாகப் பிரபுவும் உழவனும் ஒன்றே என்பதுதான் அதன் போதனை.

ஆனால் மனுஷர் கையில் எந்த அடையாளமும் கெட்டுப்போகக் கூடும். திருவிருந்துக்கு முன்பு மூப்பர்கள் விசுவாசிகளைச் சந்தித்து விசாரிப்பார்கள். தகுதியுள்ளவர்கள் என்று கண்டவர்களுக்கு ஈயத்தால் செய்த ஒரு சிறு வில்லையைக் கொடுப்பார்கள். பந்தியில் உட்காரும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இதற்குப் பதிலாகக் காகித அட்டைகள் பல சபைகளில் வழக்கத்துக்கு வந்தன. பந்தியைப் பரிசுத்தமாய்க் காப்பதே இதன் நோக்கம். ஆனாலும் நொறுங்குண்ட இருதயமுள்ள எத்தனையோ பேர், தங்களைத் தகுதியற்றவர்கள் என்று எண்ணிப் பந்திக்கு வரப் பயந்தார்கள்.

எடின்பர்க்கில் எபிரெய மொழி கற்பித்த பேராசிரியர் ஜான் டங்கனைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. திருவிருந்தில் ஒரு பெண் அழுதுகொண்டே பாத்திரத்தை வாங்காமல் தள்ளினாளாம். அதைக் கண்ட டங்கன், இது பாவிகளுக்கென்றே கொடுக்கப்பட்டது, வாங்கிக்கொள் என்று சொல்லி அவளைத் தேற்றினாராம். முத்திரை யாருடைய வாக்கை உறுதிப்படுத்துகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். அது நம்முடைய தகுதிக்கு நற்சாட்சிப் பத்திரம் அல்ல. கிறிஸ்துவின் கிருபைக்கு முத்திரை.

5. எரிந்தும் வெந்துபோகாத முட்செடி

எங்கள் சிற்றாலயத்தின் பிரசங்கபீடத்தில் மரத்தில் செதுக்கிய ஒரு செடி இருக்கிறது. அதைச் சுற்றிலும் ஜுவாலை. வருகிறவர்கள் பலர் அது என்ன மரம் என்று கேட்பதுண்டு. ஓரேப் மலையில் மோசே கண்ட முட்செடி அது (யாத்திராகமம் 3). உலகத்தின் பல பிரஸ்பிடேரியன் சபைகளுக்கு இதுவே சின்னம். எரிந்தது, ஆனாலும் வெந்துபோகவில்லை என்னும் பொருளுள்ள லத்தீன் வாசகமும் ஸ்காட்லாந்து சபையின் சின்னத்தோடு சேர்ந்து வரும். அயர்லாந்து சபையோ, எரிந்தும் தழைக்கிறது என்னும் பொருளில் வேறொரு வாசகத்தை வைத்திருக்கிறது.

இங்கேதான் அந்தத் தாயாரின் கேள்வி நம்மைக் கூர்மையாய்க் குத்துகிறது. செடி வெந்துபோகவில்லை. ஆனால் அவருடைய பிள்ளை போய்விட்டானே! அப்படியானால் இந்தச் சின்னம் பொய்யா?

இதை முதலில் முத்திரையாகத் தெரிந்துகொண்டவர்கள் யார் என்று பாருங்கள். 1572ல் பர்த்தலொமேயு திருநாளையொட்டி பாரீசிலும் பிரான்ஸின் மற்றப் பட்டணங்களிலும் சீர்திருத்த விசுவாசிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பதினொரு வருஷம் சென்றபின், 1583ல், அதே பிரெஞ்சு சபையின் தேசிய மாமன்றம் முட்செடியைத் தன் முத்திரையாக ஏற்றுக்கொண்டது. அந்த மன்றத்தின் நாட்களில் தகப்பனையோ, தாயையோ, பிள்ளையையோ இழந்த குடும்பங்கள் அந்நாட்டுச் சபைகளெங்கும் இருந்தன. எங்களில் ஒருவரும் சாகமாட்டோம் என்று அவர்கள் அந்தச் சின்னத்தில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஸ்காட்லாந்திலும் அப்படியே. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உடன்படிக்கைக்காரர் எனப்பட்ட விசுவாசிகள் பலர் மலைச்சரிவுகளில் ஒளிந்து ஆராதித்தார்கள், பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். 1690ல் அங்கே பிரஸ்பிடேரியன் முறை மீண்டும் நிலைபெற்றது. மறு வருஷம் ஜார்ஜ் மாஸ்மன் என்னும் அச்சுக்காரர் அச்சிட்ட சபை மாமன்றத் தீர்மானப் புத்தகத்தின் முகப்பில் முட்செடி இடம்பெற்றது. இந்தச் சின்னத்தைச் சபை கல்லறைகளின் அருகில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டது.

அப்படியானால் முட்செடி எந்த வாக்குக்கு முத்திரை? அதே அதிகாரத்தை மேலும் வாசியுங்கள். செடியின் நடுவிலிருந்து பேசியவர், எகிப்தில் இருக்கும் தம்முடைய ஜனத்தின் உபத்திரவத்தைக் கண்டதாகவும், அவர்கள் கூக்குரலைக் கேட்டதாகவும், அவர்களை விடுவிக்க இறங்கிவந்ததாகவும் சொல்லுகிறார். செடி விசேஷித்த செடி அல்ல. வனாந்தரத்தில் முளைத்த முள் அது. அக்கினியின் நடுவில் கர்த்தர் இருந்தபடியால் அது நின்றது. தம்முடையவர்கள் எரியும் இடத்தில் அவர் தூரத்தில் நிற்பதில்லை. அவர்களை அக்கினியோ மரணமோ அவர் கையிலிருந்து பறிக்க முடியாது என்பதே அந்த முத்திரை உறுதிப்படுத்தும் வாக்கு. அந்த வாக்கைக் காப்பதற்காகவே நம் ஆண்டவர் மாம்சத்தில் இறங்கிவந்து மரித்து உயிர்த்தெழுந்தார்.

6. நம் நாட்டில்

இந்த மரபு நமக்கு அந்நியமல்ல. சென்னை எழும்பூரில் 'கிர்க்' என்று எல்லாரும் அழைக்கும் புனித அந்திரேயா ஆலயம் 1821ல் திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்து சபையாருக்காக அதைக் கட்டியவர் தாமஸ் டி ஹாவிலாண்ட் என்னும் பொறியாளர். அந்த இடம் இளகிய நிலம். ஆகையால் ஏறக்குறைய 150 கிணறுகளைத் தோண்டி இறக்கி, அவற்றின்மேல் அஸ்திபாரம் போட்டார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், நீல நிறக் குவிமாடத்தில் பொன் நட்சத்திரங்கள் தெரியும். கீழே இருக்கும் கிணறுகளை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆனால் அவை இல்லாவிட்டால் அந்த நட்சத்திரங்கள் நிற்காது.

சென்னை ராயபுரத்தில் உள்ள ரெய்னி மருத்துவமனை ஸ்காட்லாந்து மிஷன் ஊழியத்தின் கனி. 1908ல் பிரஸ்பிடேரியன் சபைகளும் காங்கிரிகேஷனல் சபைகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று அது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையாயிற்று. அதன் சின்னத்தில் நம் நாட்டுத் தாமரையோடு சிலுவை இணைந்திருக்கிறது. நம் ஆண்டவர் யோவான் 17ல் தம்முடையவர்கள் ஒன்றாயிருக்கும்படி செய்த ஜெபத்தை அந்தச் சின்னத்தின் வாசகம் நினைப்பூட்டுகிறது. சேற்றில் முளைக்கும் தாமரையும் வனாந்தரத்தில் எரிந்த முள்ளும் ஒரே செய்தியைத்தான் சொல்லுகின்றன. தாழ்ந்த இடத்துக்குத் தேவன் வருகிறார்.

7. அந்தத் தாயாருக்கு நம்முடைய பதில்

"அப்படின்னா அது அங்க எதுக்கு இருக்கு?"

இப்போது நாம் இப்படிச் சொல்லுவோம்: "அம்மா, அந்தச் சிலுவை வெறும் மரம். உங்கள் பிள்ளையைப் பிழைக்க வைக்க அதற்கு வல்லமை இல்லை. ஆனால் அது ஒரு வாக்கைச் சொல்லுகிறது. தம்முடைய குமாரன் மரிப்பதைப் பார்த்த பிதா, உங்கள் பிள்ளை மரித்த இரவிலும் அந்த வார்டில் இருந்தார். உங்கள் கூக்குரல் அவர் காதில் விழுந்தது. கல்லறை கடைசி வார்த்தை அல்ல. இதை நீங்கள் மறக்காதபடிக்கே அது அங்கே இருக்கிறது."

இதைச் சொன்னால் அந்தத் தாயாரின் கண்ணீர் நின்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. வாக்கைப் பெற்ற விசுவாசிகளும் அழுகிறார்கள். லாசருவின் கல்லறையண்டை நம் ஆண்டவரே அழுதாரே!

ஆனால் ஒரு காரியத்தை உங்களுக்கு முன் அறிக்கையிட வேண்டும். சிலுவையைத் தாயத்தாகக் கொடுக்க மறுத்தது சரிதான். ஆனால் அன்றிரவு அந்தச் சிலுவை சொல்லும் வாக்கை நாங்கள் சிற்றாலயத்தோடு நிறுத்திவிட்டோம். அந்தத் தாயார் கேட்டது தவறான பொருளாயிருக்கலாம். ஆனால் சரியான இடத்துக்குக் கேட்டார். பிள்ளையின் தலைமாட்டுக்கு ஏதாவது வரவேண்டும் என்று கேட்டார். நாங்கள் அவரோடு எழுந்து வார்டுக்குப் போயிருக்க வேண்டும். வேதாகமத்தைப் படுக்கையண்டை திறந்து வாசித்து, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்திருக்க வேண்டும். வெற்றுத்தாளில் முத்திரை குத்தக் கூடாது என்று அறிந்திருந்த நாங்கள், எழுதப்பட்ட வாக்கை அவர் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

அந்த நாள் முதல் எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். இரவில் யாராவது சிற்றாலயத்துக்கு வந்தால், இராப்பணியில் இருப்பவர்கள் போதகருக்கு அறிவிக்கிறார்கள். அவர் வேதாகமத்தோடு அவர்கள் கூடவே வார்டுக்குப் போகிறார். எழுந்து வரமுடியாத விசுவாசிகள் விரும்பினால், மூப்பர் ஒருவரோடு சென்று படுக்கையண்டையிலேயே திருவிருந்து பரிமாறுகிறார். வாக்கும் முத்திரையும் சேர்ந்தே போகின்றன.

அன்பானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கையையும் நாம் இப்படியே எண்ணுவோம். அந்தக் காகித நோட்டு தன்னில்தானே ஒருவரையும் குணமாக்காது. தேவன் நோயாளியைக் கைவிடவில்லை என்னும் வாக்குக்கு அது உங்கள் கையால் இட்ட ஒரு சிறு அடையாளமாய் இருக்கிறது. கிர்க்கின் அடியில் மறைந்திருக்கும் கிணறுகளைப் போல, உங்கள் பெயர் அறியாத நோயாளிகளின் படுக்கையை நீங்கள் தாங்குகிறீர்கள்.

தியானத்துக்கு

யாத்திராகமம் 3:1-10, 2 இராஜாக்கள் 18:1-6, ரோமர் 4:9-12 ஆகிய பகுதிகளைக் குடும்பமாக வாசித்து, கீழ்க்கண்டவற்றைச் சிந்தித்துப் பாருங்கள்.

1. நம் வீட்டுச் சுவரில் உள்ள வசனப் படத்தையோ சிலுவையையோ நாம் முத்திரையாக எண்ணுகிறோமா, தாயத்தாக எண்ணுகிறோமா? அது விழுந்து உடைந்தால் நம் மனதில் என்ன பயம் எழும்புகிறது?

2. தகுதியில்லை என்று எண்ணித் திருவிருந்துக்கு வராமல் நிற்கிறவர் யாராவது நம் சபையில் உண்டா? அவரிடம் போய் நாம் என்ன சொல்லுவோம்?

3. நம் தெருவில் துக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு, தேவனுடைய வாக்கை எப்படி நாம் கால்நடையாய்க் கொண்டுபோகலாம்?

எரியும் செடியின் நடுவிலிருந்து பேசின தேவன் உங்கள் குடும்பங்களையும், எங்கள் வார்டுகளில் இந்த இரவில் கண்விழித்திருக்கும் ஒவ்வொரு தாயையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.